அம்பாசடர் டீசல் மகிழுந்தின் எரிபொருள் உட்செலுத்தல் அமைப்பு

அம்பாசடர் டீசல் மகிழுந்தின் எரிபொருள் உட்செலுத்தல் அமைப்பு என்பது, இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் தயாரித்த அம்பாசடர் மகிழுந்தின் டீசல் வகைகளில், தொட்டியில் உள்ள டீசலை வடிகட்டி, உயர் அழுத்தத்திற்கு உட்படுத்தி, உரிய நேரத்தில் உரிய அளவில் பொறியின் ஒவ்வோர் உருளைக்கும் தெளிக்கும் உறுப்புகளின் தொகுதி ஆகும். ஊட்டு எக்கி, வடிகட்டி, உட்செலுத்தல் எக்கி, உயர் அழுத்தக் குழாய்கள், உட்செலுத்திகள், திரும்பு குழாய்கள் ஆகியன இதன் முக்கிய உறுப்புகள்.

அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது. எனவே இன்று ஓடும் டீசல் அம்பாசடர்கள் யாவற்றிலும் இவ்வமைப்பு தேய்மானம் கண்ட ஒன்றாகவே இருக்கும். இதில் ஏற்படும் பழுதுகள் பலவற்றின் வெளி அறிகுறிகள் ஒன்றுபோலவே தோன்றுகின்றன. குழாய் இணைப்பில் காற்றுப் புகுவதும், விலையுயர்ந்த எக்கி தேய்ந்துபோவதும் "வண்டி கிளம்பவில்லை" என்ற ஒரே குறையாகவே வெளிப்படும். ஆகவே தொட்டியில் தொடங்கி எக்கியில் முடியும் ஒழுங்கான வரிசையில் பழுதறிதல் இவ்வமைப்பின் பராமரிப்பில் முதன்மை பெறுகின்றது.

வரலாறு

டீசல் பொறியின் தொடக்க காலத்தில் எரிபொருளை உருளைக்குள் செலுத்த அழுத்தப்பட்ட காற்று பயன்பட்டது. இதற்குத் தேவைப்பட்ட காற்றழுத்தி பெரியதாகவும் எடை மிகுந்ததாகவும் இருந்ததால், டீசல் பொறி கப்பல்களிலும் ஆலைகளிலும் மட்டுமே இடம்பெற்றது. செருமனியின் பாஷ் நிறுவனம் 1927இல் வரிசை உட்செலுத்தல் எக்கியைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கிய பின்னரே டீசல் பொறி சாலை வாகனங்களுக்கு ஏற்றதாயிற்று. 1936இல் வெளிவந்த மெர்சிடிஸ்-பென்ஸ் 260 டி, டீசலில் ஓடிய தொடக்ககால மகிழுந்துகளுள் குறிப்பிடத்தக்கது.

அம்பாசடர், பிரித்தானியாவின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை மகிழுந்தின் வடிவத்தைக் கொண்டு, மேற்கு வங்காளத்தின் உத்தர்பாரா ஆலையில் 1957 முதல் தயாரிக்கப்பட்டது. 1980இல் இதன் டீசல் வகை அறிமுகமானது. இந்தியாவில் தயாரான முதல் டீசல் மகிழுந்தாக இது பொதுவாகக் குறிப்பிடப்படுகின்றது. பி.எம்.சி. நிறுவனத்தின் 'பி' வரிசையைச் சேர்ந்த 1489 கன செ.மீ. கொள்ளளவுள்ள நான்கு உருளைப் பொறி அதில் பொருத்தப்பட்டது. அப்பொறியின் திறன் 37 குதிரைத்திறன் மட்டுமே. எனினும் டீசலின் விலை பெட்ரோலைவிடக் குறைவாக இருந்ததால் வாடகை மகிழுந்து உரிமையாளர்கள் இதனை விரும்பினர். 1990களில் ஜப்பானின் இசுசு நிறுவன வடிவமைப்பைக் கொண்ட 1995 கன செ.மீ. டீசல் பொறியும் அம்பாசடரில் இடம்பெற்றது.

காஞ்சிபுரமும் உட்செலுத்தல் தொழிலும்

கோயில்களாலும் பட்டு நெசவாலும் பெயர்பெற்ற காஞ்சிபுரம், சென்னை-பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையை (என்.எச். 48, முன்னர் என்.எச். 4) ஒட்டி அமைந்துள்ளது. இந்தியாவின் டீசல் உட்செலுத்தல் கருவித் தொழில் இந்நெடுஞ்சாலையின் இரு முனைகளிலும் வளர்ந்தது.

மேற்கு முனையான பெங்களூரில், மைக்கோ எனச் சுருக்கமாக அறியப்பட்ட மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம் ஆடுகோடியில் ஆலை அமைத்து, பாஷ் வடிவமைப்பிலான எக்கிகளையும் நாசில்களையும் தயாரித்தது. 1951இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனம் 2008இல் பாஷ் லிமிடெட் எனப் பெயர் மாற்றம் பெற்றது. பழைய வண்டிகளின் எக்கிப் பெயர்த்தகடுகளில் மைக்கோ என்ற பெயர் இன்றும் காணப்படுகின்றது.

கிழக்கு முனையான சென்னையில், டி.வி.எஸ். குழுமமும் பிரித்தானியாவின் லூகாஸ் நிறுவனமும் இணைந்து 1961இல் லூகாஸ்-டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கின. இதன் ஆலை பாடியில் உள்ளது. சி.ஏ.வி. என்னும் பெயரில் டீசல் கருவிகளைத் தயாரித்தது லூகாசின் ஒரு பிரிவே ஆகும். லூகாசின் டீசல் பிரிவை டெல்பி நிறுவனம் 2000இல் வாங்கியது. டெல்பி-டி.வி.எஸ். நிறுவனத்தின் டீசல் உட்செலுத்தல் ஆலை காஞ்சிபுரம் மாவட்டம் ஸ்ரீபெரும்புதூர் வட்டத்தில் மண்ணூரில் அமைந்தது. இவ்வகையில், பட்டுக்குப் பெயர்பெற்ற மாவட்டம் மைக்ரான் அளவுத் துல்லியம் வேண்டும் உலோகத் தொழிலுக்கும் இடமளித்துள்ளது.

அமைப்பும் செயற்பாடும்

டீசல் பொறியில் தீப்பொறிச் செருகி கிடையாது. உருளைக்குள் காற்று மிகையாக அமுக்கப்படுவதால் உண்டாகும் வெப்பமே தெளிக்கப்படும் டீசலைப் பற்றவைக்கின்றது. 1489 கன செ.மீ. பொறியின் அமுக்க விகிதம் 23:1 ஆகும். இப்பொறியில் டீசல் நேரடியாகப் பிஸ்டனின் மீது தெளிக்கப்படாமல், உருளைத் தலையில் உள்ள சிறிய எரி அறையில் தெளிக்கப்படுகின்றது. குளிர்ந்த நிலையில் அவ்வறையைச் சூடாக்க ஹீட்டர் பிளக்குகள் உள்ளன.

தாழ் அழுத்தப் பகுதி

தொட்டியிலிருந்து டீசலை இழுத்து வடிகட்டி வழியாக உட்செலுத்தல் எக்கிக்கு அனுப்புவது ஊட்டு எக்கியின் வேலை. கையால் இயக்கக்கூடிய சிறு நெம்புகோலோ குமிழோ இதனுடன் இருக்கும். குழாய்களில் புகுந்த காற்றை வெளியேற்ற இது பயன்படுகின்றது.

வரிசை எக்கி

வரிசை எக்கியில் ஒவ்வோர் உருளைக்கும் ஒரு தனிப் பிளஞ்சரும் அது இயங்கும் பேரலும் உண்டு. இவ்விணை எலிமென்ட் எனப்படும். பிளஞ்சரின் பக்கத்தில் சாய்வாக வெட்டப்பட்ட பள்ளம் உள்ளது. பிளஞ்சரைச் சற்றே திருப்பினால், அப்பள்ளம் பேரலின் துளையைத் திறக்கும் தருணம் மாறுகின்றது. அதனால் செலுத்தப்படும் டீசலின் அளவும் மாறுகின்றது. எலிமென்டின் மேலே உள்ள டெலிவரி வால்வு, ஒவ்வொரு செலுத்தலின் முடிவிலும் குழாயின் அழுத்தத்தைத் திடீரெனத் தணித்து, நாசில் சொட்டாமல் காக்கின்றது. இவ்வகை எக்கியின் அடிப்பகுதியில் உயவு எண்ணெய் நிரப்பப்பட்டிருக்கும்.

பகிர்வு எக்கி

பகிர்வு எக்கியில் எல்லா உருளைகளுக்கும் பொதுவான ஒரே அழுத்தப் பகுதி உள்ளது. சுழலும் உறுப்பு ஒன்று டீசலை முறைப்படி ஒவ்வொரு குழாய்க்கும் பகிர்ந்தளிக்கின்றது. பிரித்தானியாவில் பி.எம்.சி. 1489 கன செ.மீ. டீசல் பொறியுடன் சி.ஏ.வி. டி.பி.ஏ. என்னும் இவ்வகை எக்கி பொருத்தப்பட்டது. பாஷின் வி.இ. வகையும் பகிர்வு எக்கியே ஆகும். இவற்றின் உட்பகுதிகளுக்கு டீசலே உயவுப் பொருளாகின்றது. எனவே டீசலில் நீரும் தூசும் கலந்தால் முதலில் கெடுவது இவ்வகையே.

பல பத்தாண்டுகளாக ஓடும் வண்டிகளில் எக்கியும் பொறியும் மாற்றப்பட்டிருக்கக்கூடும். ஆகவே வண்டியின் ஆண்டைக் கொண்டு எக்கியின் வகையை முடிவு செய்யாமல், எக்கியின் பெயர்த்தகட்டில் உள்ள எண்ணைப் படித்தே உதிரிப் பாகமும் சோதனை அளவும் தேடுதல் வேண்டும்.

உட்செலுத்தி

உட்செலுத்தியின் முனையில் உள்ள நாசிலுக்குள் ஓர் ஊசி சுருள்வில்லால் அழுத்தப்பட்டு மூடியிருக்கும். டீசலின் அழுத்தம் வில்லின் விசையை மீறும்போது ஊசி எழும்ப, டீசல் நுண்துளிகளாகத் தெளிக்கப்படுகின்றது. மறைமுக உட்செலுத்தல் பொறிகளில் இத்திறப்பு அழுத்தம் பொதுவாக 100 முதல் 150 பார் வரை அமையும்.

துல்லியமும் தேய்மானமும்

பிளஞ்சருக்கும் பேரலுக்கும் இடையிலுள்ள இடைவெளி சில மைக்ரான்கள் மட்டுமே. காஞ்சிபுரத்துத் தறிகளில் நெய்யப்படும் மல்பெரிப் பட்டின் ஒற்றை நுண்ணிழை ஏறத்தாழ 10 மைக்ரான் தடிப்புள்ளது. அவ்விழைகூட நுழைய முடியாத இடைவெளியில்தான் எக்கியின் உயிர்ப்பகுதி இயங்குகின்றது. இங்கு ரப்பர் வளையமோ வேறு அடைப்போ கிடையாது. உலோகத்தின் நெருக்கமே கசிவைத் தடுக்கின்றது. இடைவெளி சிறிதளவு கூடினாலும் அழுத்தம் குறையும்.

இயக்கத்தின் எண்ணிக்கையும் பெரிது. நான்கடிப் பொறியில் ஒவ்வொரு நாசிலும் இரு சுற்றுக்கு ஒருமுறை திறக்கின்றது. சென்னையிலிருந்து காஞ்சிபுரத்திற்கு ஒன்றரை மணி நேரப் பயணத்தில், பொறி சராசரியாக நிமிடத்திற்கு 2,500 சுற்றுகள் சுழல்வதாகக் கொண்டால், ஒவ்வோர் ஊசியும் 1,12,500 முறை எழும்பித் தன் இருக்கையில் மோதுகின்றது.

தேய்மானத்தின் முதன்மைக் காரணங்கள் பின்வருமாறு:

* தூசு: வடிகட்டியைத் தாண்டிச் செல்லும் நுண்துகள்கள் பிளஞ்சரிலும் ஊசியிலும் கீறல்களை உண்டாக்குகின்றன. வடிகட்டி மாற்றும்போது கவனக்குறைவால் உட்புகும் தூசும் இதே கேட்டைச் செய்யும்.
* நீர்: தொட்டியில் படியும் நீர் துருவை உண்டாக்குகின்றது. நீண்ட நாள் ஓடாமல் நிற்கும் வண்டிகளில் இது மிகுதி.
* கலப்படம்: மண்ணெண்ணெய் டீசலைவிடப் பாகுநிலை குறைந்தது. அது கலந்த டீசலால் உட்பகுதிகளுக்கு வேண்டிய உயவு கிடைக்காது.
* கரி: நாசிலின் முனை எரி அறையின் வெப்பத்திற்கு உட்படுவதால் அங்கு கரி படிந்து தெளிப்பு சிதைகின்றது.
* வில்லின் தளர்ச்சி: நாளடைவில் திறப்பு அழுத்தம் குறைந்து, டீசல் நுண்துளியாகாமல் பெருந்துளியாக விழுகின்றது.
* அடைப்பு வளையங்களின் முதுமை: எக்கியின் வெளி இணைப்புகளில் உள்ள ரப்பர் வளையங்கள் இறுகி வெடிப்பதால் டீசல் வெளியே கசிகின்றது; காற்று உள்ளே புகுகின்றது.

டீசலின் தர மாற்றம்

இந்தியாவில் டீசலில் அனுமதிக்கப்படும் கந்தக அளவு படிப்படியாகக் குறைக்கப்பட்டது. நாடு முழுவதற்குமான உச்ச அளவு 2005இல் பத்து இலட்சத்தில் 500 பங்காகவும், 2010இல் 350 பங்காகவும், 2017இல் 50 பங்காகவும், 2020 ஏப்ரல் 1 முதல் 10 பங்காகவும் ஆயிற்று. கந்தகத்தை நீக்கும் செயல்முறை, டீசலுக்கு இயல்பாக உயவுத்தன்மை தரும் சில சேர்மங்களையும் நீக்கிவிடுகின்றது. இதனை ஈடுசெய்யச் சுத்திகரிப்பு ஆலைகளிலேயே உயவூட்டும் சேர்க்கைகள் கலக்கப்படுகின்றன. எனவே நம்பகமான இடத்தில் வாங்கும் டீசலுடன் உரிமையாளர் வேறு எண்ணெய் கலக்க வேண்டுவதில்லை. ஆயினும் பழைய டீசலில் ஊறி உப்பியிருந்த ரப்பர் வளையங்கள், புதிய டீசலில் சுருங்கிக் கசியத் தொடங்குவதுண்டு. இது எக்கியின் தேய்மானம் அன்று. வளையங்களை மாற்றினாலே சீராகும்.

அறிகுறிகள்

* குளிர்ந்த நிலையில் கிளம்ப மறுத்தல்: ஹீட்டர் பிளக் பழுது, தளர்ந்த மின்கலம், குறைந்த அமுக்கம், குழாயில் காற்று.
* குளிரில் கிளம்பி, சூடான பின் கிளம்ப மறுத்தல்: எலிமென்ட் அல்லது பகிர்வுத் தலை தேய்ந்திருத்தல். சூட்டில் டீசல் நீர்த்துப்போவதால் தேய்ந்த இடைவெளி வழியே எளிதில் நழுவிவிடுகின்றது. கிளப்பும்போது பொறி மெதுவாகவே சுழல்வதால் நழுவுவதற்கு நேரமும் மிகுதியாகக் கிடைக்கின்றது.
* கரும்புகை: காற்று வடிகட்டி அடைப்பு, நாசில் சொட்டுதல், மிகையான டீசல் அளவு.
* வெண்புகை: எரியாத டீசல் வெளியேறல். உட்செலுத்தும் நேரம் பிந்துதல், ஓர் உருளை எரியாமை ஆகியவற்றால் உண்டாகும்.
* நீலப்புகை: உயவு எண்ணெய் எரிதல். இது உட்செலுத்தல் அமைப்பின் பழுது அன்று.
* கூர்மையான தட்டொலி: நேரம் முந்துதல் அல்லது ஊசி சிக்கிக்கொள்ளுதல்.
* வெறுவோட்டத்தில் சீரற்ற ஓட்டம்: டெலிவரி வால்வுக் கசிவு, காற்றுப் புகுதல், வேகக் கட்டுப்படுத்திப் பழுது.
* உட்செலுத்தியின் அடியில் 'சப் சப்' என்னும் ஒலி: செப்பு வாஷர் வழியே எரிவளிக் கசிவு.
* வரிசை எக்கியின் எண்ணெய் மட்டம் உயர்தல்: தேய்ந்த எலிமென்ட் அல்லது ஊட்டு எக்கி வழியாக டீசல் எண்ணெயுடன் கலத்தல்.

பழுதறியும் வரிசை

பின்வரும் வரிசை, செலவு குறைந்த சோதனையிலிருந்து செலவு மிகுந்ததற்குச் செல்கின்றது. ஒரு படியை முடிக்காமல் அடுத்ததற்குச் செல்லலாகாது.

1. தொட்டியும் மூடியும். மூடியின் காற்றுத்துளை அடைபட்டால் தொட்டியில் வெற்றிடம் உண்டாகி, சிறிது தொலைவு ஓடியபின் வண்டி நின்றுவிடும். மூடியைத் தளர்த்தியதும் ஓடுமானால் பழுது இதுவே.
2. வடிகட்டி. அடியிலுள்ள திருகைத் திறந்து நீரையும் கசடையும் வடிக்க வேண்டும். வடிகட்டி இழையின் வயது தெரியாவிடில் மாற்றுவதே நன்று.
3. காற்றுப் புகுதல். ஊட்டு எக்கிக்கு முன்னுள்ள குழாயில் ஒளிபுகும் குழாய்த் துண்டு ஒன்றைத் தற்காலிகமாக இணைத்தால், காற்றுக் குமிழிகள் கண்ணுக்குத் தெரியும். இப்பகுதியில் உறிஞ்சல் நடப்பதால், டீசல் வெளியே கசியாமலேயே காற்று உள்ளே புகக்கூடும். எனவே குழாய் வறண்டிருப்பது மட்டும் பழுதின்மைக்குச் சான்றாகாது.
4. ஹீட்டர் பிளக். ஒவ்வொன்றிலும் மின்னோட்டம் பாய்கின்றதா எனப் பார்க்க வேண்டும்.
5. அமுக்கம். வால்வு இடைவெளியைச் சரிசெய்தபின், டீசல் பொறிக்குரிய அழுத்தமானியைக் கொண்டு நான்கு உருளைகளையும் அளக்க வேண்டும். பெட்ரோல் பொறிக்குரிய மானி இவ்வழுத்தத்தைத் தாங்காது. அமுக்கம் குறைந்த பொறியில் நாசிலையும் எக்கியையும் மாற்றுவதால் பயனில்லை.
6. இணைப்பைத் தளர்த்துதல். பொறி வெறுவோட்டத்தில் இருக்கையில், உட்செலுத்தி ஒவ்வொன்றின் குழாய் இணைப்பையும் முறையே சிறிது தளர்த்த வேண்டும். நல்ல உருளையின் இணைப்பைத் தளர்த்தினால் ஓட்டம் தடுமாறும். தளர்த்தியும் மாற்றம் இல்லையெனில் பழுதுள்ள உருளை அதுவே.
7. இடம் மாற்றுதல். பழுதுள்ள உருளையின் உட்செலுத்தியை அடுத்த உருளையில் பொருத்த வேண்டும். பழுதும் உடன் இடம் மாறினால் உட்செலுத்தியே காரணம். பழுது அதே உருளையில் நின்றால் காரணம் எக்கியின் அப்பகுதியிலோ உருளையிலோ உள்ளது. கருவி எதுவும் வேண்டாத இச்சோதனை பெருஞ்செலவைத் தவிர்க்க வல்லது.
8. நாசில் சோதனை. கையால் இயக்கும் சோதனைக் கருவியில் திறப்பு அழுத்தம், தெளிப்பின் வடிவம், சொட்டாமை ஆகிய மூன்றும் பார்க்கப்படும். திறப்பு அழுத்தத்திற்கு ஏறத்தாழ 10 பார் கீழே 10 நொடிகள் நிறுத்திவைத்தால் முனையில் துளி விழலாகாது. பி.எம்.சி. பொறியில் பயன்பட்ட பின்டாக்ஸ் வகை நாசிலில் குளிர்நிலைத் தொடக்கத்திற்கென ஒரு பக்கத்துளை உண்டு. மெதுவாக அழுத்தும்போது டீசலின் பெரும்பகுதி அத்துளை வழியாகவே வெளிவரும். இதனைப் பழுதெனக் கொள்ளலாகாது.
9. உட்செலுத்தும் நேரம். எக்கியின் விளிம்பிலும் பொறியிலும் உள்ள குறிகள் பொருந்துகின்றனவா எனப் பார்க்க வேண்டும். எக்கியை இயக்கும் சங்கிலியோ பற்சக்கரமோ தேய்ந்தால் நேரம் பிந்தும்.
10. எக்கி. மேற்கண்ட யாவும் சரியாக இருந்த பின்னரே எக்கியைக் கழற்ற வேண்டும். சூட்டில் கிளம்பாத வண்டியில், பொறியை நிறுத்திய நிலையில் எக்கியின் மீது ஈரத்துணியைச் சுற்றிச் சிறிது நேரம் ஆறவிட்டு மீண்டும் கிளப்பிப் பார்க்கலாம். உடனே கிளம்பினால் எக்கித் தலையின் தேய்மானம் ஏறத்தாழ உறுதியாகின்றது. ஓடும் எக்கியின் மீது குளிர்நீரை ஊற்றுதல் கூடாது. அதனால் உறுப்புகள் சமமின்றிச் சுருங்கி இறுகிப்போகக்கூடும்.

பழுதுநீக்கம்

உட்செலுத்திகள்

நாசிலின் ஊசியும் உடலும் ஒன்றுக்கொன்று இழைத்துப் பொருத்தப்பட்ட இணை. ஓர் உட்செலுத்தியின் ஊசியை மற்றொன்றின் உடலில் போடலாகாது. நான்கையும் ஒருசேரக் கழற்றினால் நான்கு தனித்தனிக் கிண்ணங்களில் வைத்தல் வேண்டும். கரியைப் பித்தளைத் தூரிகையாலும் மரக்குச்சியாலும் அகற்றலாம். எஃகுக் கம்பியும் உப்புத்தாளும் முனையைக் கெடுத்துவிடும். தூய டீசலில் நனைத்த ஊசி, சாய்த்துப் பிடித்த உடலுக்குள் தன் எடையாலேயே வழுக்கி இறங்க வேண்டும். இருக்கை நீலம் பாய்ந்திருந்தாலோ கீறல் விழுந்திருந்தாலோ நாசிலை மாற்றுவதே வழி.

திறப்பு அழுத்தம், வில்லுக்கு மேலுள்ள திருகாலோ மெல்லிய தகடுகளாலோ சரிசெய்யப்படும். தகடு முறையில் 0.1 மி.மீ. தடிப்பு கூடினால் அழுத்தம் ஏறத்தாழ 10 பார் உயரும். நான்கு உட்செலுத்திகளின் அழுத்தமும் தம்முள் ஒத்திருத்தல் வேண்டும். மீண்டும் பொருத்தும்போது செப்பு வாஷர்கள் புதியனவாக இருக்க வேண்டும். பழைய வாஷர் அடியில் ஒட்டியிருக்க, அதன் மேல் புதியதைப் போடுவது அடிக்கடி நேரும் பிழை ஆகும். அப்போது நாசிலின் முனை உரிய ஆழத்தில் அமையாது.

உட்செலுத்தல் எக்கி

எக்கியின் வெளி அடைப்பு வளையங்கள், ஊட்டு எக்கியின் சவ்வு, குழாய் இணைப்புகள் ஆகியவற்றை அனுபவமுள்ள பட்டறையாளர் வண்டியிலேயே மாற்ற இயலும். காற்றழுத்த வேறுபாட்டால் இயங்கும் வேகக் கட்டுப்படுத்தி உள்ள எக்கிகளில், அதன் தோல் சவ்வு இறுகிக் கிழிவதுண்டு. சவ்வு கிழிந்தால் டீசலின் அளவு கட்டுக்கடங்காமல் உயர்ந்து கரும்புகை வரும். பலமுறை இதுவே எக்கிப் பழுதாகக் கருதப்பட்டு முழு எக்கியும் பிரிக்கப்படுகின்றது.

எலிமென்ட், டெலிவரி வால்வு, பகிர்வுத் தலை ஆகியவற்றின் மாற்றம் சோதனை மேடை உள்ள இடத்தில் மட்டுமே நடைபெற வேண்டும். இவையும் இணையாகவே மாற்றப்பட வேண்டியவை. பகிர்வு எக்கியில் தலையும் சுழலியும் ஒரே இணை. மாற்றிய பின், ஐ.எஸ்.ஓ. 4113 தர அளவுக்கு உட்பட்ட சோதனை எண்ணெயைக் கொண்டு, குறித்த சுழற்சி வேகங்களில் ஒவ்வொரு குழாய்க்கும் வரும் அளவு அளவுக்குழல்களில் ஒப்பிடப்படும். தயாரிப்பாளர் அந்த எக்கி எண்ணுக்கு வெளியிட்ட அட்டவணையே ஒப்பீட்டுக்கு அடிப்படை. மேடையில் கிளப்பும் வேகத்தில் பெறப்படும் அளவைத் தனியே கேட்டறிதல் நன்று. தேய்ந்த எக்கி உயர் வேகத்தில் சரியாகத் தோன்றி, கிளப்பும் வேகத்தில் மட்டும் குறை காட்டக்கூடும்.

எக்கியின் உச்ச அளவுத் திருகைத் திறந்து டீசலைக் கூட்டுவது தேய்மானத்தை மறைக்கும் ஒரு தவறான வழக்கம் ஆகும். வண்டி சில காலம் இழுவை பெற்றாலும், கரும்புகை கூடி, பிஸ்டனும் நாசில் முனையும் மிகை வெப்பத்தால் கெடும்.

காற்று நீக்கல்

எந்தப் பழுதுநீக்கத்திற்குப் பின்னும் வடிகட்டி, எக்கி, உட்செலுத்திக் குழாய்கள் என்னும் வரிசையில் காற்று நீக்கப்பட வேண்டும். வடிகட்டியிலும் எக்கியிலும் குமிழி நின்று தெளிந்த டீசல் வரும்வரை கை எக்கியை இயக்க வேண்டும். பின் குழாய்களின் உட்செலுத்தி முனைகளைத் தளர்த்திப் பொறியைச் சுழற்றி, டீசல் வந்ததும் இறுக்க வேண்டும்.

பாதுகாப்பு

* தெளிக்கும் நாசிலின் முன் கையை வைத்தல் கூடாது. உயர் அழுத்த டீசல் தோலைத் துளைத்துத் தசைக்குள் புகும். காயம் ஊசிமுனை அளவே தோன்றினாலும் திசு அழுகக்கூடும் என்பதால் தாமதமின்றி அறுவை மருத்துவரை அணுக வேண்டும்.
* கசிவை விரலால் தடவித் தேடாமல் அட்டைத் துண்டைப் பயன்படுத்த வேண்டும். இணைப்பைத் தளர்த்தும் சோதனையில் கண்ணாடியும் கையுறையும் தேவை.
* எக்கி சீராக்கப்பட்ட பின் முதன்முறை கிளப்பும்போது, பொறி கட்டுக்கடங்காமல் ஓடினால் நிறுத்த ஒரு வழி வேண்டும். காற்று உள்வாயை மூடத்தக்க தட்டையான பலகையை ஆயத்தமாக வைத்திருப்பது பழைய பட்டறை வழக்கம். கையால் மூடுதல் கூடாது.
* வடித்த டீசலைச் சாக்கடையிலோ ஏரி, குளங்களிலோ கொட்டுதல் கூடாது.

புகைச் சோதனையும் சட்டமும்

மைய மோட்டார் வாகன விதிகளின்படி, பாரத் நிலை 4க்கு முற்பட்ட டீசல் வண்டிகளுக்குத் தடையற்ற முடுக்கச் சோதனையில் புகையின் உச்ச வரம்பு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகுகள் ஆகும். நாசில் சொட்டும் வண்டி இவ்வரம்பைக் கடக்கும் வாய்ப்பு மிகுதி. தனியார் மகிழுந்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குப் பின் தகுதிச் சோதனையுடன் புதுப்பிக்கப்பட வேண்டும். எனவே உட்செலுத்தல் அமைப்பின் நிலை, பழைய வண்டி தொடர்ந்து சாலையில் ஓடுவதைத் தீர்மானிக்கும் காரணிகளுள் ஒன்று.

2021 சூலையில் அறிவிக்கப்பட்ட விதிகள், 50 ஆண்டுகளுக்கு மேற்பட்டு, மூல வடிவம் மாறாமல் காக்கப்படும் வண்டிகளுக்குத் தொன்மை வண்டி என்னும் தனிப் பதிவை ஏற்படுத்தின. இத்தகைய வண்டிகளைக் கண்காட்சி, பேரணி போன்றவற்றிற்கு அன்றி வழக்கமான போக்குவரத்திற்குப் பயன்படுத்த இயலாது. 1980இல் வெளிவந்த முதல் டீசல் அம்பாசடர்கள் 2030இல்தான் 50 ஆண்டுகளை எட்டும். அதுவரை அவை ஏனைய பழைய வண்டிகளைப் போலவே புகைச் சோதனையையும் தகுதிச் சோதனையையும் கடந்தாக வேண்டும். மூல எக்கியையும் அதன் பெயர்த்தகட்டையும் காத்து வைத்தல், பழுதுநீக்கத்திற்கு மட்டுமன்றி வண்டியின் மூல வடிவத்திற்கும் சான்றாக அமையும்.

பட்டறை வழக்குச் சொற்கள்

* டீசல் பம்ப் – உட்செலுத்தல் எக்கி
* ஃபீட் பம்ப் – ஊட்டு எக்கி
* எலிமென்ட் – பிளஞ்சரும் பேரலும் சேர்ந்த இணை
* ஏர் லாக் – குழாயில் காற்று அடைத்து டீசல் வராமை
* மிஸ்ஸிங் – ஓர் உருளை எரியாமல் ஓட்டம் தடுமாறுதல்
* காலிப்ரேஷன் – சோதனை மேடையில் டீசல் அளவைச் சீராக்குதல்
* கவர்னர் – வேகக் கட்டுப்படுத்தி

இவற்றையும் பார்க்க

* டீசல் பொறி
* இந்துஸ்தான் அம்பாசடர்
* நான்கடிச் சுழற்சி
* பாரத் நிலை உமிழ்வுத் தரங்கள்
* காஞ்சிபுரம் மாவட்டம்
* ஸ்ரீபெரும்புதூர்